கதைப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

"மனசுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டால், கும்பகோணத்தில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்." அந்த 'ஒரு மாதிரி'க்குள் துக்கம் இருக்கும், பயம் இருக்கும், யாரிடமும் சொல்லாத அவமானம் இருக்கும். ஆனால் வெளியே வருவது நெஞ்சுப் படபடப்பாக, உச்சந்தலை எரிச்சலாக, கைகால் குடைச்சலாக. ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று கேட்டபிறகுதான் மனநல மருத்துவர் ஞாபகத்துக்கு வருவார்.

சிலர் மட்டும் வேறு விதமாகப் பேசுவார்கள். ஒருவர் சொன்னார்: "வீட்டுல எல்லாரும் இருக்காங்க. நான் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அவங்களைப் பார்த்துக்கிட்டிருக்கேன்." அரை மணி நேரம் துருவிக் கேட்டு நான் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. இப்படிப் பேசுகிறவர்களிடம் "கதை படிப்பீங்களா?" என்று கேட்பது என் வழக்கம். "முன்னாடி நிறைய படிப்பேன்" என்பார்கள், அநேகமாக. இது ஆராய்ச்சி முடிவு இல்லை, இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்டதில் எனக்குப் பட்டது. (இங்கே நான் சொல்லும் ஆட்களின் ஊர், வயது, தொழிலை மாற்றியிருக்கிறேன்.)

கதை படிக்கிறவர் அடுத்தவர் மனசுக்குள் போய்வந்து பழகியிருக்கிறார். தன் மனசைச் சொல்லவும் அவரிடம் வார்த்தை இருக்கிறது. அது எந்தக் கதையானாலும் சரி என்பதுதான் என் கட்சி.

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் போய் எட்டு மாதம். தூக்கமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைக்கும் வாசலுக்குமாக நடப்பார் என்று மருமகள் சொன்னாள். மருந்து கொடுத்தேன். தூக்கம் கொஞ்சம் திரும்பியது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல தம்பி, கல்லு மாதிரி கிடக்கு" என்றார். மூன்றாம் தடவை வந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "தொடர்கதை" என்றார். அவர் அப்பா வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டு பண்ணித் தருவாராம். புகுந்த வீட்டில் யாரும் படிக்கவிடவில்லை. "இன்னும் இருக்கா?" "பரண்ல கிடக்கும்." எடுத்துப் படியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என்ன கதை என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தேவையுமில்லை.

கவலை என்பது ஒரே சக்கரம் திரும்பத் திரும்பச் சுற்றுவது. "அதை நினைக்காதே" என்று சொன்னால் நிற்காது. கொலைசெய்தவன் யார், அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்தாளா இல்லையா என்று மனசுக்கு வேறொரு பிடி கொடுத்தால் சற்று நிற்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு எடுத்ததும் விருந்துச் சாப்பாடா போடுகிறோம்? கஞ்சிதானே. மாத நாவலும் துப்பறியும் கதையும் அந்தக் கஞ்சி. மட்டமான சாப்பாடு என்று அதற்கு அர்த்தமில்லை, அந்த நேரத்தில் செரிக்கிற சாப்பாடு.

இந்தக் கஞ்சி நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. வடுவூர் துரைசாமி அய்யங்கார் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே மர்மமும் திருப்பமுமாக அவர் எழுதியதை ஜனங்கள் காத்திருந்து வாங்கிப் படித்தார்கள். கல்கியும் மயிலாடுதுறைக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர்தான். 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, ஒரு வீட்டில் பத்திரிகை யார் கைக்கு முதலில் போவது என்று நடந்த சண்டைகளை வயதானவர்கள் இன்றைக்கும் கண் மின்னச் சொல்கிறார்கள். எழுபது எண்பது வயதில் மறதிக்காகக் கூட்டிவரப்படுகிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருவதைச் சொல்வார்.

அப்புறம், தீவிர இலக்கியம். பொழுதுபோக்குக் கதையில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும், முடிவில் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும். அந்த நிம்மதிக்காகத்தான் அதைப் படிக்கிறோம். இலக்கியம் அந்த நிம்மதியைத் தராது. கெட்டவன் என்று நாம் முடிவுகட்டியவன் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் சாப்பிடுவதையும் தூக்கம் வராமல் புரள்வதையும் பார்க்கவைக்கும். வீட்டுக்குள் ஒரு பெண் சொல்லாமல் விழுங்குவதைச் சில பக்கங்களுக்குள் எழுதிக்காட்டிய கு.ப.ராஜகோபாலன் இந்தக் கும்பகோணத்தில் பிறந்தவர். எத்தனையோ கணவன்மார்களுக்கு நான் விளக்கி விளக்கி அலுத்துப்போனது அந்தக் கதைகளில் இருக்கிறது.

எனக்கே பாடம் சொன்ன நாவல் ஒன்று உண்டு. எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்', 1993-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அவரும் இந்த ஊர்க்காரர், பட்டுச் சரிகை வியாபாரம் செய்தவர். காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும் மனிதனின் கதை, சொந்த அனுபவத்திலிருந்து எழுதியது. நாவல் அதை நோயாகப் பார்க்கவில்லை, வேறொரு தளத்தில் வைத்துப் பார்க்கிறது. அதில் எனக்குச் சண்டையில்லை. 'செவிப்புலன் மாயை' என்று பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தியில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அந்தக் குரல்கள் சோறு தின்னும்போதும் விடாது, கடன்காரன் எதிரே நிற்கும்போதும் விடாது என்பதை இந்த நாவலில்தான் உணர்ந்தேன்.

தறி ஓட்டும் குடும்பத்துப் பையன் ஒருவனை அவன் அண்ணன் கூட்டிவந்தார். நெய்துகொண்டே இருப்பான், சட்டென்று நாடாவை நிறுத்திவிட்டு யாருக்கோ பதில் சொல்வான். மருந்து ஆரம்பித்தோம். அண்ணனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அப்படி என்னதான் கேக்குது இவனுக்கு? வேலைக்குச் சோம்பல்பட்டு நடிக்கிறானோ?" எத்தனை சொன்னாலும் தலையாட்டுவார், நம்பமாட்டார். காத்திருக்கும் நேரத்தில் அவர் கையில் எப்போதும் ஒரு க்ரைம் நாவல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் 'காதுகள்' பிரதியை அவரிடம் கொடுத்தேன். அவரிடம்தான், தம்பியிடம் இல்லை. நோய் முற்றியிருக்கும் நேரத்தில் அவனிடம் கொடுக்கிற புத்தகம் இல்லை அது.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "முழுசும் முடிக்க முடியல டாக்டர், கஷ்டமா இருந்தது. ஆனா நேத்து தம்பிகிட்ட, 'இப்பவும் திட்டுதாடா?'ன்னு கேட்டேன். அவன் என் தோள்ல சாஞ்சு அழுதுட்டான்." அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். இலக்கியக் கதையைக் கொஞ்சம் படித்தாலே அடுத்தவர் மனநிலையை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்கள் அதையே திரும்பச் செய்துபார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2018-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், புனைகதையால் பயன் இருக்கிறது, ஆனால் அளவில் சிறியது என்று தெரிந்தது. ஆகவே நாவல் படித்தால் மனநோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து வேண்டியவருக்கு மருந்துதான் வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது படிக்கவே முடியாது. "ஒரே வரியை நாலு தடவை படிக்கிறேன் டாக்டர், உள்ளே போகமாட்டேங்குது" என்பார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் அறிகுறி. அந்த நேரத்தில் தடித்த புத்தகத்தைக் கையில் திணித்து "படி, சரியாயிடும்" என்று சொன்னால், இதுகூட நம்மால் முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். மருத்துவரிடம் கூட்டிவாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. குணமாகும்போது அவர் தானாக ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துப் புரட்டுவார். அந்த நாளை நான் நோயாளியின் கோப்பில் குறித்துவைப்பேன்.

பிள்ளைகள் விஷயம். "எந்நேரமும் கதைப் புத்தகம், பாடத்தை எடுக்கிறதே இல்லை" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிசிக்ஸ் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்த பெண்ணை, நீட் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது கூட்டிவந்தார்கள். ராத்திரி அரைமணி நேரம் எல்லாருக்கும் தெரிய அவள் படிக்கட்டும், போனை மட்டும் வேறு அறையில் வையுங்கள் என்று சொன்னேன். அவளுக்கு வேறு வைத்தியம் தேவைப்படவில்லை.

எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று பட்டியல் கேட்கிறார்கள். நான் தருவதில்லை. 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அந்த விதிகள் நூலாக வெளிவந்த 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இன்றைக்கு வண்டி வரவேண்டியதில்லை, பக்கத்திலேயே கிளை நூலகம் இருக்கிறது. பிள்ளையை அங்கே கூட்டிப்போய் விட்டுவிடுங்கள். எதை எடுக்கிறானோ எடுக்கட்டும், பேய்க் கதையானாலும்.

பாபநாசத்து அம்மா அடுத்த தடவை மஞ்சள் பையோடு வந்தார். உள்ளேயிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். காலிகோ அட்டை, முதுகில் பிரிந்து தொங்கும் தையல் நூல். பக்க ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஜோக்கு, தலைவலி மாத்திரை விளம்பரம், ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் 'தொடரும்'. நடுவில் ஓரிடத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். அங்கே அச்சடித்த பக்கம் இல்லை, கோடுபோட்ட நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தது. பதினேழாம் வாரப் பத்திரிகை கிடைக்கவில்லையாம். அந்த வாரம் கதையில் நடந்ததை யாரிடமோ கேட்டு, மகளுக்காக அவர் அப்பா ஊதா மையில் ஏழெட்டு வரி எழுதிவைத்திருந்தார்.

"கதையெல்லாம் சாதாரணக் கதைதான் தம்பி. இந்தத் தாளு வந்ததும் நிறுத்திட்டேன். அப்பாவை நினைச்சுத்தான் அழ ஆரம்பிச்சேன். அப்புறம் பார்த்தா அவருக்காக அழுதுக்கிட்டிருக்கேன்."

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்பது வாரம் பாக்கியிருக்கிறது என்று சொல்லி, அம்மா புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.