மெலே என்றால் கைகலப்பு

கூட்டாக ஆடும் அதிரடி விளையாட்டு எதைத் திறந்தாலும், வீரரைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே ‘மெலே’ என்ற சொல் வந்து நிற்கும். நம் ஆட்கள் பலர் எழுத்தைப் பார்த்து ‘மெலீ’ என்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களே இதில் ஒன்றுபட்டவர்கள் இல்லை. ‘மெலே’ என்றும் ‘மேலே’ என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டாவதைத் தமிழில் எழுதினால் மாடிப்படிதான் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே ‘மெலே’ என்றே வைத்துக்கொள்வோம்.

பொருள் என்ன என்று எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் ‘கிட்டப் போய் அடிப்பது’ என்பார். வாள், கோடரி, சுத்தியல், வெறுங்கை எல்லாம் மெலே. வில், துப்பாக்கி, மந்திர நெருப்பு எல்லாம் அதற்கு எதிர்ப்பக்கம், ‘ரேஞ்ச்டு’. அதாவது இதை ஒரு தூரக்கணக்காகப் புரிந்துவைத்திருக்கிறோம். தமிழாக்கம் செய்பவர்களும் அதையே பிடித்துக்கொண்டு ‘அண்மைத் தாக்குதல்’, ‘குறுந்தொலைவுச் சண்டை’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சொல் பிறந்த இடத்தில் தூரம் என்ற பேச்சே கிடையாது.

பழைய பிரெஞ்சில் இது ‘மெஸ்லே’. கலப்பது என்று பொருள்படும் ‘மெஸ்லேர்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனின் ‘மிஸ்கேரே’, அதுவும் கலத்தல்தான். நடுவில் இருந்த ‘ஸ்’ காலப்போக்கில் தேய்ந்து போனது. இன்று பிரெஞ்சுக்காரர்கள் முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கூரையைப் போட்டு எழுதுகிறார்களே, அது அந்த ‘ஸ்’ இருந்ததற்கான அடையாளம். மெல்லிசைக் கச்சேரியில் பல பாட்டுகளைத் துண்டு துண்டாகக் கோத்துப் பாடும் ‘மெட்லி’யும் இதே குடும்பத்துப் பிள்ளை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கான ஆங்கிலச் சொல் ‘மெடில்’ கூட இதன் பங்காளிதான். அவையெல்லாம் ஆங்கிலத்துக்குள் முன்பே போய்க் குடியேறிவிட்டன. 17-ஆம் நூற்றாண்டில் அதே சொல்லை பிரெஞ்சிலிருந்து இன்னொரு முறை கடன் வாங்கினார்கள். அப்படி வந்ததுதான் நம் மெலே. பிரான்சில் ரக்பி ஆட்டத்தில் இரு அணியும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவதற்கு இன்றைக்கும் மெலே என்றுதான் பெயர்.

இந்தச் சொல்லுக்கு ஒரு களம் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் வடக்கு பிரான்ஸ் பக்கம் நடந்த வீரப் போட்டி என்றால், சினிமாவில் காட்டுவது போல இரண்டு குதிரைவீரர்கள் ஈட்டியை நீட்டிக்கொண்டு நேருக்கு நேர் பாய்வது அல்ல. இரண்டு பெரிய அணிகள் வயல்வெளி, தோட்டம் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு மோதும். யாருக்கு யார் எதிரி என்று தனித்தனி ஜோடி கிடையாது. ஒரே கலப்பு. எதிரணி வீரனைப் பிடித்துவிட்டால் அவன் குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு, அல்லது பணயத்தொகை. வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேய வீரர் (1219-இல் இறந்தவர்) இப்படிப் பிடித்துப் பிடித்தே பேரும் பொருளும் சேர்த்தார். 1130-இல் கிளெர்மோன் திருச்சபைக் கூட்டம் இந்தப் போட்டிகளைத் தடை செய்தது, யாரும் கேட்டபாடில்லை. அந்தக் காலத்திலேயே ஒரு சாமர்த்தியசாலியும் இருந்தார். ஃபிளாண்டர்ஸ் பிரபு பிலிப், தன் ஆட்களோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். மற்றவர்கள் மோதிக் களைத்து வரிசை கலைந்த பிறகு பக்கவாட்டில் புகுந்து அள்ளிக்கொண்டு போவார். கூட்டு ஆட்டத்தில் பின்னால் நின்று கடைசி அடியை மட்டும் அடித்துவிட்டுப் பேர் வாங்குகிற நண்பர்களுக்கு இவரை முன்னோர் என்று சொல்லலாம்.

சரி, கலப்பு எப்போது தூரமானது? மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில். 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ விதிப்புத்தகம் அம்பு எய்வதைத் தனிக் கட்டமாகவும், படைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் மெலேயைத் தனிக் கட்டமாகவும் பிரித்தது. 1974-இல் வந்த, ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் வழித்தோன்றல். கணினி விளையாட்டுகள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. எய்வது ஒரு பக்கம், மெலே இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் எய்யாதது எல்லாம் மெலே என்றாகிவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். நம்மிடம் இதற்கு வார்த்தை உண்டு, அதுவும் தினசரிச் செய்தித்தாளில் வருகிற வார்த்தை: கைகலப்பு. கையும் கையும் கலப்பது. பிரெஞ்சுக்காரன் எந்த உருவகத்தைப் பிடித்தானோ அதையே யாரிடமும் கேட்காமல் தமிழும் பிடித்திருக்கிறது. ‘இரு தரப்பினரிடையே கைகலப்பு’ என்று படித்தால் தள்ளுமுள்ளும் சட்டை கிழிவதும்தானே நினைவுக்கு வருகிறது, வாளும் கோடரியும் அதில் எங்கே என்று கேட்கலாம். ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் மெலே அதே சட்டை கிழியும் பொருளில்தான் வருகிறது. அங்கே விளையாட்டுக்குள் போன சொல் இங்கேயும் போகட்டுமே. ‘மற்போர்’ ஒற்றைக்கு ஒற்றை என்பதால் பொருந்தாது. ‘அண்மைப் போர்’ என்பது நேற்று நடந்து முடிந்த போர் மாதிரி இருக்கிறது.

கைகலப்பு என்று சொல்லிப் பழகினால் இன்னொரு லாபமும் உண்டு: அந்த வகை வீரரை எப்படி உருவாக்குவது என்பது பாதி விளங்கிவிடும். ‘அண்மைத் தாக்குதல்’ என்று நினைப்பவர், பக்கத்தில் நிற்கும் ஒருவனை எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று கணக்குப் போடுவார். கைகலப்பு என்று நினைப்பவருக்குக் கூட்டத்துக்குள் நின்று எப்படிச் சமாளிப்பது என்பதே கேள்வி.

உதாரணத்துக்கு ‘வெர்மின்டைட் 2’ ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். சுவீடனின் ஃபேட்ஷார்க் நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடுவது. ஐந்து நாயகர்கள், வெளிவந்தபோது ஒவ்வொருவருக்கும் மூன்று ‘கரியர்’, அதாவது ஒரே நாயகர் எடுக்கக்கூடிய வெவ்வேறு வீரர் வகைகள். எதிரே ஸ்கேவன் என்ற எலிமனிதர்களும் கேயாஸ் படையும். ஒரு கொம்பு ஊதினால் சுவர் ஏறிக் குதித்து அலை அலையாக வருவார்கள். இந்த ஆட்டத்தில் எல்லாக் கரியரும் கொஞ்சமாவது கைகலந்தே ஆகவேண்டும். ஆனால் அதையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு: புட் நைட், அயர்ன்பிரேக்கர், ஸ்லேயர்.

புதிதாக வருபவர் முதலில் செய்யும் வேலை, ஒரே அடியில் பெரிய எதிரியைச் சாய்க்கும் கோடரியை எடுப்பது. முதல் எலி அழகாக இரண்டாகப் பிளக்கும். மிச்சம் ஏழு எலி விலாவில் குத்தும். கைகலப்பு வீரருக்கு முதலில் பார்க்கவேண்டியது ‘கிளீவ்’, அதாவது ஒரு வீச்சு எத்தனை உடல்களைக் கடந்து போகும் என்பது. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு கனம் உண்டு. வீச்சின் பலம் அந்தக் கனத்தில் கரைந்து, ஒரு கட்டத்தில் ஆயுதம் நின்றுவிடும். ஒரே ஆயுதத்திலும் எல்லா வீச்சும் ஒன்றல்ல. கிடையாகப் போகும் வீச்சு கூட்டத்துக்கு. மேலிருந்து இறங்கும் வீச்சு கவசக்காரனுக்கு. இரும்பு போர்த்த கேயாஸ் வாரியர் மீது கிடைவீச்சு வீசிக்கொண்டே இருந்தால் கை வலிப்பதுதான் மிச்சம். அதனால் ஆயுதத்தின் வீச்சு வரிசையை மனப்பாடம் செய்வது, அதன் சேத எண்ணைப் பார்ப்பதைவிட முக்கியம். பயிற்சிக்கூடத்தில் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள்; பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்தது ‘ஸ்டேகர்’, எதிரியைத் தள்ளாட வைப்பது. தள்ளாடுகிறவன் அடிக்கமாட்டான். அதோடு அவன்மேல் விழும் அடியின் சேதமும் கூடும், நீங்கள் அடித்தாலும் சரி, நண்பர் அடித்தாலும் சரி. இதனால்தான் யார் எத்தனை பேரைக் கொன்றார் என்ற பட்டியலில் கீழே இருக்கும் சுத்தியல்காரர் இல்லாமல் அணி தடுமாறுகிறது. அவர் தட்டி வைத்ததை மற்றவர்கள் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலைப் பார்த்து ஒருவரை எடைபோடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இந்த ஆட்டத்தில் அது வெறும் அநியாயம்.

மூன்றாவதுதான் இந்த வடிவமைப்பின் அருமையான இடம். தற்காலிக உயிர் என்று ஒன்று உண்டு. 5, 10, 15, 20, 25, 30 என்ற நிலைகளை எட்டும்போது ஒவ்வொரு கரியருக்கும் ஒரு திறன் வரிசை திறக்கும். வரிசைக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வரிசையே தற்காலிக உயிர் எப்படிக் கிடைக்கும் என்பதைப் பற்றியது: பலரை ஒரே வீச்சில் தொட்டாலா, தள்ளாட வைத்தாலா, கொன்றாலா என்பது போல. அப்படி வந்த உயிர் தானாகவே வடிந்துகொண்டும் இருக்கும். அதனால் ஓடி ஒதுங்கி நின்றால் அதுவும் போகும். அகல வீச்சு வாள்காரர் பலரைத் தொடும் வழியையும், சுத்தியலும் கேடயமும் வைத்திருப்பவர் தள்ளாட வைக்கும் வழியையும் எடுப்பதுதான் இயல்பு. ஆயுதத்தை மாற்றிவிட்டுத் திறனை மாற்ற மறந்தவர்கள்தான் ‘இந்தக் கரியர் சரியில்லை’ என்று புலம்புவது.

தற்காப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பது, தள்ளுவது, பக்கவாட்டில் விலகுவது. தடுப்பதும் தள்ளுவதும் ஸ்டாமினாவைச் சாப்பிடும். தொடர்ந்து விலகிக்கொண்டே இருந்தால் விலகும் தூரம் குறையும். ஸ்டாமினா தீர்ந்தபின் தடுத்தால் தடுப்பு உடையும், அவ்வளவுதான். ஆயுதத்துக்குக் குணம் சேர்க்கும்போது, கிரிட் அடி (எப்போதாவது தற்செயலாகக் கூடுதல் பலத்தோடு விழும் அடி) விழுந்தால் சில நொடிகளுக்கு வீச்சு வேகம் 20 சதவீதம் கூடும் ‘ஸ்விப்ட் ஸ்லேயிங்’ வேகமான ஆயுதங்களுக்குக் கச்சிதம். மெதுவான சுத்தியலில் கிரிட் எப்போதாவதுதான் விழும், அங்கே இதை நம்பிப் பயனில்லை.

மூவரில் ஸ்லேயர் ஒரு விசித்திரம். குள்ளர் இனத்துப் பார்டின் கவசத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்திலும் இன்னொரு கைகலப்பு ஆயுதத்தைச் செருகிக்கொள்வார். அடிக்க அடிக்கச் சேதம் கூடும். ஓய்ந்தால் அந்த ஏற்றம் இறங்கிவிடும். இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கோடரிகளை எடுத்து வருபவர்களைப் பார்க்கிறேன். ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று கவசத்துக்கு என்று பிரித்து எடுத்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம். அயர்ன்பிரேக்கர் அவருக்கு நேர் எதிர். சிறப்புத்திறனை எடுத்தால் சுற்றியிருக்கும் எதிரிகள் எல்லாம் அவர்மேல் திரும்புவார்கள், அவர் தடுத்துக்கொண்டு நிற்பார். புட் நைட்டின் பாய்ச்சல் ஒரு வரிசையையே சாய்த்துவிடும். நண்பர் கீழே விழுந்து கிடக்கும்போது அந்தப் பாய்ச்சலைக் கையில் வைத்திருப்பவர் நல்ல புட் நைட்.

கைகலப்பு வீரருக்கு எட்டாத எதிரிகளும் உண்டு. தூரத்தில் நின்று சுழல்துப்பாக்கி சுடும் எலி, நச்சுப்புகைக் குண்டு வீசும் எலி. அவர்களை வில்லாளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வில்லாளியைக் கூட்டம் தொடாமல் வைத்திருப்பது உங்கள் வேலை. இங்கே ஒரு நுணுக்கம்: ‘சாம்பியன்’ என்ற கடினநிலையிலிருந்து நண்பரின் அம்பும் காயப்படுத்தும். ஆகவே கூட்டத்தை ஒரு பக்கமாகப் பிடித்து வைத்து, சுடுவதற்கு ஓர் இடைவெளியை விட்டுவைப்பவர் வேண்டும். வில்லுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் குதித்தால் முதுகில் அம்பு பாயும், அப்புறம் மைக்கில் சண்டை தொடங்கும். அது வேறு கைகலப்பு.

இனி மிச்சச் சொற்கள். ‘மெலே ஆயுதம்’ என்பதைக் கைகலப்பு ஆயுதம் என்றே சொல்லலாம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். கொஞ்சம் பழைய தமிழ் வேண்டுமென்றால் அழகான ஜோடி ஒன்று இருக்கிறது: அம்பு போலக் கையைவிட்டுப் போவது கைவிடுபடை, வாள் போலக் கையிலேயே நிற்பது கைவிடாப்படை. ஸ்லேயர் விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய எறிகோடரி இந்தப் பகுப்பில் கைவிடுபடையாகிவிடும், நியாயம்தான். முன்வரிசையில் நிற்பவரைக் குறிக்கப் பழந்தமிழில் ‘தூசி’, ‘தார்’ என்ற சொற்கள் உண்டு. இரண்டும் படையின் முன்னணி. இன்றைக்கு நண்பரைப் பார்த்து ‘நீதான் நம்ம தூசி’ என்றால் கோபித்துக்கொள்வார். ‘தார்’ சாலை போடப் போய்விட்டது. முன்னணி வீரர் என்றால் போதும்.

ஆட்டங்களில் வீரர்களை வகைபிரிக்கும் ‘கிளாஸ்’ என்ற சொல்தான் சிக்கல். வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் அல்லது சாதி. மறவர் என்றால் ஒரு சமூகம். வெர்மின்டைட் சொல்லும் ‘கரியர்’ தொழில் என்று ஆகும், ஆனால் எலிகளை வெட்டுவதைத் தொழில் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டுரைகளில் வீரர் வகை என்று எழுதுங்கள், ஆடும்போது கிளாஸ் என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.