வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோதே இரண்டாம் வகுப்பு. 2025-26இல் அதே பிள்ளை ஆறாம் வகுப்பு. இன்றும் எழுத்துக்கூட்டித் திணறினால், வேர் அந்த ஒன்றரை ஆண்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் 'அசர்' ஆய்வின்படி, கிராமப்புறத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8. முன்பும் நிலைமை பிரமாதமில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாப் பழியையும் பள்ளி மூடியிருந்தபோது செல்போனில் நடந்த பாடத்தின் தலையில் கட்ட முடியாது.

ஆனாலும் எழுத்து கற்பிப்பது பிள்ளையின் வாயையும் கையையும் பார்த்துச் செய்கிற வேலை. அப்போது ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் வந்ததோ முடிந்த வீட்டுப்பாடத்தின் படம் மட்டுமே. எழுத்தை எங்கே தொடங்கினான், யார் கை பிடித்தார்கள் என்பது அதில் தெரியாது. பாடம் ஒளிபரப்பிய அரசின் கல்வித் தொலைக்காட்சியும் 'மறுபடி சொல்' என்று நின்று கேட்காது.

பாடத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டு, வாசிப்பதுபோலச் சொல்லும் பிள்ளைகள் நிறைய. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். படத்தை மறைத்துவிட்டு, பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகக் காட்டுங்கள். ஒப்பிக்கிற பிள்ளை இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடும். அடுத்து கெ, கே, கொ, கோ நான்கையும் கலைத்துக் காட்டுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. அதிகம் சறுக்குவது இங்கேதான். ல, ள, ழ குழப்பத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம், அது காத்திருக்கும்.

எழுத்தில் நிற்பவர், சொல்லில் நிற்பவர், பத்தி வாசிப்பவர் என்று பிரித்து உட்கார வையுங்கள். 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதற்காகத்தான். எழுத்தில் நிற்பவருக்கு 247ஐயும் வரிசையாக ஒப்புவிக்க வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம். மறுநாள் துணைக்கால் மட்டும் சேருங்கள்: பாடம், மாடம், பாட்டம்மா. புதிய எழுத்து ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தினமும் அரைமணி நேரம், சத்தமாக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை.

கணக்கில் ஒரே ஒரு கழித்தல் கொடுங்கள்: 52 - 27. விடை 35 என்று வந்தால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். கடன் வாங்கும் விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை, பத்து என்றால் என்ன என்பதே பிடிபடவில்லை. பத்துப் பத்து ஈர்க்குச்சிகளாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு கொடுத்து, 27 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டை எடுத்து வைத்துவிட்டு, ஏழுக்கு என்ன செய்வதென்று விழிப்பான். நீங்கள் அவிழ்த்துக் கொடுக்காதீர்கள். கட்டை அவனே அவிழ்க்கட்டும். நோட்டில் எழுதுவது அதற்கு அப்புறம்.