பழைய கார் எப்போது சூடாகிறது?

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தத் தீயின் தலைக்குமேல் மூடியாக உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும்; கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். அதைக் காப்பாற்றி வைத்திருப்பது, உலோகத்தின் மறுபக்கத்தில் ஓயாமல் ஓடும் சில லிட்டர் திரவம். எரிபொருளின் ஆற்றலில் கால்பங்குக்கும் மேலான வெப்பத்தை அது சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது.

வயதான சிறிய கார் சூடாகத் தொடங்கினால் பழி முதலில் ரேடியேட்டர் மேல்தான் விழுகிறது. புதிது மாட்டிய பிறகும் வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக்கோட்டை நோக்கி ஏறும்போதுதான் சந்தேகம் வருகிறது. வண்டி எப்போது சூடாகிறது என்று முதலிலேயே கேட்டிருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

நெரிசலில் ஊர்ந்தாலோ சிக்னலில் நின்றாலோ சூடாகிறது, வேகமெடுத்தால் தணிந்துவிடுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். நிற்கும்போது மின்விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். விசிறி ஓட மோட்டார், ரிலே, ஃப்யூஸ், வெப்பத்தை உணரும் சுவிட்ச் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். பல கார்களில் ஏசியைப் போட்டால் விசிறியும் ஓடும். ஏசிக்கு ஓடும் அதே விசிறி, இன்ஜின் கொதிக்கும்போது ஓடவில்லை என்றால் மோட்டார் மேல் குற்றமில்லை; சுவிட்சையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

நெடுஞ்சாலையில், அதுவும் மேடேறும்போது சூடானால் கதை வேறு. காற்று தாராளமாக இருக்கிறது. திரவம்தான் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது அதன் வெப்பம் வெளியே கடக்கவில்லை. இங்கே பெரும்பாலும் குற்றவாளி கடினநீர். சர்க்கரை சூடான நீரில் நன்றாகக் கரைகிறது. கடினநீர் தரும் கால்சியம் கார்பனேட் உப்பு அதற்கு நேர்மாறு. நீர் சூடாகச் சூடாக அது கரைசலை விட்டுப் பிரிந்து படிகிறது. ஆகவே இன்ஜினுக்குள் எந்த இடம் அதிகம் கொதிக்கிறதோ, எங்கே குளிர்ச்சி மிக அவசியமோ, அங்கேதான் முதலில் படிகிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்த உப்புப்படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்கை ஒட்டியது. தாள் கனத்துக்குப் படிந்தாலும் உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே சுவர் எழுந்துவிடுகிறது. பெயர்ந்த துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கின்றன.

நெடுஞ்சாலைச் சூட்டுக்கு எளிதில் கண்ணில் படாத இன்னொரு காரணமும் உண்டு. ரேடியேட்டரின் அடிப்பக்க ஹோஸ், வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய கம்பிச்சுருளும் துருப்பிடித்துப் போயிருந்தால், இன்ஜின் வேகமெடுக்கும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் ஹோஸ் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது அது உருண்டையாக, ஆரோக்கியமாகத் தெரியும். ஆக்சிலரேட்டரை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கவனித்தால்தான் பிடிபடும்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, ஆனால் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கிறது என்றால், திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். அதற்குள் ஒரு சிறு குப்பியில் மெழுகு இருக்கிறது. பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் அது உருகி, விரிந்து, ஒரு ஊசியைத் தள்ளி வால்வைத் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்ற யோசனையை ஏற்காதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சில இன்ஜின்களில், திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைப்பதும் இந்தத் தெர்மோஸ்டாட்தான். அது இல்லையென்றால் திரவத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பி ஓடி, சூடு இன்னும் கூடும்.

எல்லாவற்றிலும் அலட்சியப்படுத்தப்படுவது ரேடியேட்டர் மூடி. பல கார்களில் அதன் ஸ்பிரிங், வெளிக்காற்றைவிடச் சுமார் 0.9 பார் கூடுதலான அழுத்தத்தை உள்ளே தேக்கிவைக்கிறது. பிரஷர் குக்கரில் நடப்பதுபோல, அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட 118 டிகிரிவரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ கொதிநிலை இறங்கிவிடும்; உலோகத்தை ஒட்டி எழும் நீராவிப் படலம் திரவத்தை அண்டவிடாது. மூடிக்குள் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது வெளியேறிய திரவத்தை ரிசர்வ் தொட்டியிலிருந்து திரும்ப உறிஞ்சவிடுவது அது. அது அடைத்துக்கொண்டால் தொட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் அளவு குறைந்திருக்கும். ஆகவே இன்ஜின் முழுவதும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

ஆறியபின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென விலகி, 110 டிகிரியில் அடங்கியிருந்த திரவம் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும்.

முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உணரி திரவத்தில் மூழ்கியிருக்கும்வரைதான் அது உண்மை சொல்லும். திரவம் வடிந்துபோனால் உணரி காற்றிலோ நீராவியிலோ தொங்கும். ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழிறங்கலாம். கொதித்த வண்டியில் முள் திடீரென இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

தொடர்ந்து ஓட்டினால் என்ன ஆகும்? அலுமினியம், பல பழைய இன்ஜின்களில் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும் ஹெட், விரிய இடமின்றி வளைகிறது. நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது. பிறகு எரிந்த வாயு கூலன்ட்டில், அதாவது குளிர்விக்கும் அந்தத் திரவத்தில் புகுந்து தொட்டியில் குமிழியிடும். கூலன்ட் சிலிண்டரில் புகுந்து இனிப்பு மணத்தோடு வெண்புகையாக வெளியேறும். ஒரு ஹோஸில் தொடங்கிய பழுது இன்ஜினைப் பிரிக்கும் வேலையில் வந்து நிற்கும். முள் ஏறும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் அது குட்டி ரேடியேட்டராக வேலை செய்து ஓரம்கட்ட அவகாசம் தரும். நிறுத்தியபின் சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். உலோகம் விரிசல் விடலாம்.

பழுது தீர்ந்ததும் குழாய்நீரை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் மறுபடி அதே உப்புப்படிவுதான். கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். வெறும் நீர் உண்மையில் அதிக வெப்பத்தைச் சுமக்கும். கூலன்ட்டின் பெருமை அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களில் இருக்கிறது. அவை தீர்ந்துபோகும் என்பதால்தான் மாற்றும் காலக்கெடு. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. நிரப்பியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால், புது ரேடியேட்டர் போட்ட வண்டியும் முதல் நாளே கொதிக்கலாம்.