கஃபே ரேசர்: சொல்லும் வண்டியும்

தாழ்ந்த ஹேண்டில், நீண்ட டேங்க், ஒற்றை ஆள் சீட்டு, அதன் பின்னால் ஒரு சின்ன மேடு. இப்படிப்பட்ட பைக்கைத்தான் ‘கஃபே ரேசர்’ என்கிறோம். வண்டிக்கும் அதை ஓட்டுபவருக்கும் இதே பெயர்தான். ‘கஸ்டம் கஃபே ரேசர்’ என்று சேர்த்தும் சொல்வார்கள். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

சொல் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே அன்று ‘கஃபே’ என்றால் லாரி ஓட்டுநர்கள் இரவில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்த நெடுஞ்சாலைக் கடை. அவற்றில் பேர்போனது, லண்டனின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938இல் தொடங்கிய ஏஸ் கஃபே. 1950களில் இளைஞர்கள் பைக்கோடு அங்கே கூடினார்கள், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு விரட்டிக்கொண்டு போனார்கள். பந்தயத் தடத்தை மிதிக்காதவன், வெறும் கடைவாசல் பந்தயக்காரன் என்ற கேலியில்தான் இந்தப் பெயர் தொடங்கியது என்று சொல்வார்கள். கேலி நாளடைவில் பட்டமாகிவிட்டது.

மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. வேகம் அவர்களுடைய கனவு. அதைத் தொட்டவர்களுக்கு ‘டன்-அப் பாய்ஸ்’ என்று பெயர்; ‘டன்’ என்றால் அவர்கள் பேச்சில் நூறு. பெயரிலேயே பையன்கள் வந்து உட்கார்ந்துவிட்டதால், பெண்களுக்குப் பின் சீட்டுதான் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இது பெரிய அநியாயம். அந்தப் பையன்களில் பலர் பிறப்பதற்கு முன்பே, 1934இல், புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் 100 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்துத் தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கிவிட்டார். அதே பதக்கத்தை அதே ஆண்டில் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங்கும், 1939இல் தெரசா வாலக்கும் வாங்கினார்கள். பிஎஸ்ஏ நிறுவனம் தன் ‘கோல்ட் ஸ்டார்’ பைக்குக்குப் பெயர் எடுத்தது அந்தப் பதக்கத்திலிருந்துதான். அந்த கோல்ட் ஸ்டாரையே பின்னாளில் கஃபே ரேசர் பையன்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்!

1950களில் ஜெர்மனியைச் சேர்ந்த அன்கே-ஈவ் கோல்ட்மன் என்ற பெண் பிஎம்டபிள்யூ பைக் ஓட்டினார். பெண்ணுடலுக்குப் பொருந்தும் ஒரே துண்டுத் தோலுடையையும் வடிவமைத்தார். பெரில் ஸ்வெய்ன் 1962இல் மான் தீவின் டி.டி. (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயத்தில் தனியாக ஓட்டிய முதல் பெண். அதற்குப் பிறகு ஓட்டுபவருக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒரு விதி கொண்டுவந்து, அவருடைய உரிமத்தைப் பறித்தார்கள்.

சரி, ‘கஸ்டம்’ எங்கே வருகிறது? தையல்காரரிடம் போனால் அளவெடுத்துத் தைப்பார் அல்லவா, அதுதான். இந்த வண்டிகளில் பூட்டும் ‘கிளிப்-ஆன்’ என்பது ஒரே குழாயாக வரும் ஹேண்டில் கிடையாது. இரண்டு தனித்தனிப் பிடிகளை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இறுக்கிப் பூட்டுவது. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளிவைப்பார்கள். ஓட்டுபவர் டேங்கின் மேல் குனிந்து படுப்பார். வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கும், மெதுவாகப் போனால் உடல்பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். ஆகவே கை எட்டும் தூரமும் கால் தரையில் ஊன்றும் உயரமும் ஆளுக்கு ஆள் சரியாக அமைய வேண்டும். பெரும்பாலும் ஆண்களை மனதில் வைத்துச் செய்த வண்டியைக் குள்ளமான ஒரு பெண் தன் கைநீளத்துக்குக் கட்டிக்கொள்வதை அலங்காரம் என்று ஒதுக்கக்கூடாது.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘குளம்பியகப் பந்தய உந்து’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் காபி வாசனைதான் வருகிறது, வண்டி கண்ணில் தெரியவில்லை. ‘தேநீர்க்கடைப் பந்தயம்’ கதைக்கு நெருக்கம், ஆனால் நீளம். பந்தய வண்டியின் தோற்றத்தைச் சாலை வண்டிக்குக் கொடுப்பதே இதன் உயிர் என்பதால் ‘பந்தயச்சாயல் வண்டி’ என்பது என் தேர்வு. கஸ்டம் என்றால் ‘அளவெடுத்துக் கட்டியது’. ஆளைச் சொல்லும்போது ‘பந்தயக்காரன்’ வேண்டாம். ‘ஓட்டுநர்’ என்ற சொல்லில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மெக்கானிக் கடையில் ‘கஃபே ரேசர்’ என்றே சொல்லுங்கள், அங்கே அதுதான் புரியும்.

நம் ஊரோடும் இதற்கு உறவு உண்டு. ராயல் என்ஃபீல்டு 1964இல் இங்கிலாந்தில் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே பந்தயச்சாயலோடு வெளியிட்டது. 2013இல் அதே பெயரில் 535 சிசி வண்டி வந்தது. இந்த முறை தயாரிப்பு சென்னையில்.