ஐகன் மதிப்பு: பாதி ஜெர்மன், பாதி தமிழ்

இயற்பியல் முதுகலையில் 'கணித முறைகள்' தாள் படித்த எல்லோரையும் 'ஐகன் மதிப்பு' என்ற இந்தச் சொல் ஒருமுறையாவது படுத்தியிருக்கும். ஐகன் என்பது யாரோ ஒரு கணித மேதையின் பெயர் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மான்ஃப்ரெட் ஐகன் என்று ஒருவர் உண்டு, 1967-இல் வேதியியல் நோபல் வாங்கினார். ஆனால் அவர் பிறந்ததே 1927-இல்தான். சொல் அவருக்கு மூத்தது.

முதலில் பொருள். ஓர் அணி, அதாவது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம்: மேல் வரிசையில் 2, 1; கீழ் வரிசையில் 1, 2. இதனால் (1, 0) என்ற வெக்டரை (நீளமும் திசையும் உள்ள அளவு) பெருக்கினால் (2, 1) வரும், திசை மாறிவிட்டது. இப்போது (1, 1)-ஐப் பெருக்குங்கள். விடை (3, 3). திசை அப்படியே இருக்கிறது, நீளம் மட்டும் மூன்று மடங்கு. அந்த 3 தான் ஐகன் மதிப்பு. (1, 1) அதற்குரிய ஐகன் வெக்டர். வீணைத் தந்தி எந்தெந்த அதிர்வெண்ணில் அதிரும் என்பதும் இதே வகைக் கணக்குதான். ஹைட்ரஜனில் எலெக்ட்ரானின் ஆற்றல் −13.6, −3.4 எலெக்ட்ரான்வோல்ட் என்று படிப்படியாக நிற்பதும் அப்படியே. 1926-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இதை 'ஐகன் மதிப்புச் சிக்கல்' என்றார்.

ஜெர்மனில் 'ஐகன்' என்றால் 'தனக்கே உரிய'. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் 1904-இல் இந்தப் பொருளில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர்கள் 'சொந்த மதிப்பு' என்று முழுசாகவே மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலம் பின்பாதியை மட்டும் மாற்றியது. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினோம்.

இத்தனைக்கும் நம்மிடம் 'தன்' இருக்கிறது. ஜெர்மனில் ஐகனோடு ஒரு விகுதி சேர்ந்து 'ஐகன்ஷாஃப்ட்', அதாவது பண்பு. தமிழில் தன் + மை, தன்மை. ஒரே வார்ப்பு! அதனால் என் ஓட்டு 'தன்மதிப்பு'க்கு. உளவியல்காரர்கள் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது உண்மை. 'தன்மதிப்பு குறைந்த அணி' என்று படித்தால் ஆறுதல் சொல்லத் தோன்றும். சரி, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். 'தனிமதிப்பு' ஆகாது, அது கூட்டல், கழித்தல் குறியை நீக்கிய மதிப்பு. 'சிறப்பியல்பு மதிப்பு' பொருளில் பிழையில்லை, நீளம்தான் இடிக்கிறது.

வெக்டருக்கு 'தன் திசையன்'. சேர்த்து எழுதினால் 'தற்றிசையன்' ஆகிவிடும், பிரித்தே எழுதலாம். இலங்கை வழக்கில் மதிப்பு 'பெறுமானம்', வெக்டர் 'காவி'. அங்கே 'தன் பெறுமானம்', 'தன் காவி' என்று இரண்டுமே உளவியலோடு மோதாமல் நிற்கும்.