ஐஸ்கிரீம் கடையிலிருந்து வந்த மிக்ஸின்

1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் நகரில் ஸ்டீவ் ஹெரல் என்பவர் ஐஸ்கிரீம் கடை நடத்திவந்தார். வெனிலாவோ சாக்லேட்டோ கேட்டால், கண்ணெதிரிலேயே அதில் கொட்டைகளையும் பிஸ்கட் துண்டுகளையும் போட்டுப் பிசைந்து தருவார்கள். அந்தச் சேர்மானங்களைக் கடையில் மிக்ஸின் என்றார்கள்.

பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் இருந்தது. லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கென்றே தனிக் கணினியை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஹோவர்ட் கேனன் 1979 வாக்கில் எழுதிய, நிரலைப் பொருள்களாகப் பிரித்து அமைக்க உதவும் பொருள்நோக்கு அமைப்புக்கு ஃபிளேவர்ஸ் என்று பெயர். ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பைப் பிறர் கிளாஸ் என்பார்கள்; அதில் அது ஃபிளேவர். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஃபிளேவர், வேறென்ன, வெனிலாதான்.

அந்தக் கணினியின் திரையில் பலவகை விண்டோக்கள் தேவைப்பட்டன. ஒன்றுக்கு ஓரக்கோடு வேண்டும், இன்னொன்றுக்குத் தலைப்பு, வேறொன்றுக்கு இரண்டும். சிமுலா என்ற முன்னோடி நிரல்மொழி வகுத்த வழியில், ஒரு கிளாஸ் தன் அம்சங்களைப் பெற்றுக்கொள்ள ஒரே தாய் கிளாஸ்தான். விருப்பப்படி சேர்க்கக்கூடிய அம்சங்கள் நான்கு என்றால், எல்லாக் கலவைகளுக்கும் 16 கிளாஸ்கள் எழுத வேண்டிவரும். ஒரே நிரல்வரிகள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும்.

கேனனின் அமைப்பில், ஐஸ்கிரீம் கடைச் சேர்மானங்களைப் போலவே, ஓரக்கோட்டுக்கு ஒரு மிக்ஸின், தலைப்புக்கு ஒரு மிக்ஸின் என்று தனித்தனியாக எழுதி, வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மிக்ஸின் தனியே நிற்காது. கோடு போட ஒரு விண்டோ வேண்டுமே! எந்த ஃபிளேவரோடு, எந்த மெத்தடோடு (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) சேர்ந்தால்தான் அது இயங்கும் என்பதை அறிவிக்கவும் வசதி இருந்தது.

சேர்த்த ஃபிளேவர்களை எல்லாம் அமைப்பு ஒரே வரிசையில் நிறுத்திவிடும். என் பார்வையில் உண்மையான சாமர்த்தியம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு மெத்தடுக்கு ‘முன்’ பகுதி, மையப் பகுதி, ‘பின்’ பகுதி என்று தனித்தனியே எழுதலாம். ஓரக்கோடு, தலைப்பு, அடிப்படை விண்டோ என்ற வரிசையில் சேர்த்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரையைப் புதுப்பிக்கச் சொன்னால் முதலில் ஓரக்கோட்டின் ‘முன்’, பிறகு தலைப்பின் ‘முன்’, அடுத்து விண்டோவின் மைய வேலை. திரும்பும்போது தலைப்பின் ‘பின்’, கடைசியில் ஓரக்கோட்டின் ‘பின்’. இவற்றைக் கோக்கும் பொறுப்பு முழுக்க அமைப்புடையது. ஒரு மிக்ஸின் தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு பின்னர் காமன் லிஸ்ப் மொழிக்குள் நுழைந்து, 1994இல் அதன் அமெரிக்கத் தரநிலையிலும் இடம்பெற்றது. இதற்கிடையே 1990இல் கிலாட் பிராக்காவும் வில்லியம் குக்கும் மிக்ஸினுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தார்கள்: தாய் யார் என்ற இடம் நிரப்பப்படாமல் விடப்பட்ட சேய் கிளாஸ்.

ரூபி, பைத்தான் என்ற நிரல்மொழிகள் இந்த வரிசையை எடுத்துக்கொண்டன. முன்–பின் கோப்பை அதே வடிவில் எடுத்துக்கொள்ளவில்லை. பைத்தானில் வரிசையில் அடுத்து நிற்பவரை ‘சூப்பர்’ என்று மெத்தடே அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதன் நூலகத்தில் த்ரெடிங்மிக்ஸ்இன் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கோரிக்கையையும் தனி இழையில், அதாவது மற்றவற்றுக்கு இணையாக ஓடும் வேலையாக, கவனிக்கும்படி சர்வரை (கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்) மாற்றுவது அதன் வேலை. வரிசையில் அதை டிசிபி சர்வர் என்ற கிளாஸுக்கு முன்னால் எழுத வேண்டும். இடம் மாற்றி எழுதினால் சர்வரின் பழைய மெத்தடே முதலில் அகப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகக் காக்கவைத்தபடி.