சுரங்க அமில வடிநீர்: ‘வடிகால்’ என்பது ஏன் பிழை?

கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து கன உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்கும் அமில நீரை ஆங்கிலத்தில் ‘ஆசிட் மைன் டிரெய்னேஜ்’ என்பர். இது ‘அமிலச் சுரங்க வடிகால்’ என்றே கட்டுரைக்குக் கட்டுரை பெயர்க்கப்படுகிறது. இந்தப் பெயர்ப்பை ஏற்க முடியாது.

‘டிரெய்ன்’ என்பது வடிகட்டுதலைக் குறித்த பழைய ஆங்கில வினை. அதிலிருந்து பிறந்த ‘டிரெய்னேஜ்’ வடியும் செயலையும், வடியும் வழியையும், வடிந்து வரும் நீரையும் ஒருசேரக் குறிக்கும். தமிழ் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. வாய்க்காலில் உள்ள அதே ‘கால்’தான் வடிகாலிலும் உள்ளது, அது நீர் செல்லும் வழி, நீர் அன்று. மேலும், மனக்குமுறலுக்கு ஒரு வடிகால் வேண்டும் என்று சொல்லும்போது தீர்வு என்னும் பொருளையே அச்சொல் தருகிறது. ஆற்றை நஞ்சாக்கும் ஒன்றுக்குத் தீர்வின் பெயரைச் சூட்டினால், சுரங்கத்து அமிலத்தை அகற்ற யாரோ கட்டிய அமைப்பு என்றல்லவா படிப்பவர் எண்ணுவார்? ‘அமிலச் சுரங்கம்’ என்ற அடுக்கோ, அமிலத்தை வெட்டியெடுக்கும் சுரங்கம் என மயங்க வைக்கிறது.

‘சுரங்கக் கழிவுநீர்’ என்று எழுதுவோரும் உண்டு. கழிவுநீர் என்றால் அதை வெளியேற்றும் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே நிகழ்வது வேறு. பாறையிலுள்ள பைரைட்டு என்னும் இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. சிலவகை பாக்டீரியாக்கள் இவ்வினையை விரைவுபடுத்துகின்றன. அவ்வமிலம் காட்மியம், துத்தநாகம், செம்பு போன்ற கன உலோகங்களைக் கரைக்கிறது. சுரங்கம் இயங்கும்வரை நீரை இறைத்துக்கொண்டிருப்பார்கள். மூடியபின் இறைப்பு நின்று நீர்மட்டம் உயர்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1991இல் மூடப்பட்ட வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்தின் நீர், 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு கார்னன் ஆற்றில் பாய்ந்தது இப்படித்தான். அமெரிக்காவின் கொலராடோவில், நெடுங்காலம் இயங்காதிருந்த கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து 2015 ஆகஸ்டு 5 அன்று, தூய்மைப் பணிக்கான ஆய்வின்போதே ஏறத்தாழ 1.1 கோடி லிட்டர் நீர் வெளிப்பட்டு அனிமாஸ் ஆற்றை மஞ்சளாக்கியது. ஆளற்ற சுரங்கமும் தானே நஞ்சை உண்டாக்கும் என்ற இந்த உண்மையைக் ‘கழிவுநீர்’ மறைத்துவிடுகிறது.

எனவே ‘சுரங்க அமில வடிநீர்’ என்பதே பொருந்தும். வடிந்து வரும் நீர் என்று சொல்லே விளக்கிவிடுகிறது. சுண்ணாம்புப் பாறை அமிலத்தன்மையை முறித்துவிடும் இடங்களிலும் துத்தநாகமும் ஆர்சனிக்கும் நீரில் தங்கக்கூடும் என்பதால், அங்கே ‘அமிலம்’ என்பதை விடுத்து ‘சுரங்க வடிநீர்’ என்றே எழுதலாம்.

இதே கட்டுரைகளில் கன உலோகங்கள் ‘கனரக உலோகங்கள்’ ஆவதும் வருத்தம் தருகிறது. கனரகம் என்பது வாகனத்துக்கும் இயந்திரத்துக்கும் உரிய அடைமொழி. காட்மியத்துக்கு அது பொருந்தாது. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர், அந்த நீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்று ஒருமுறை படித்திருந்தால் இரண்டு பிழைகளும் நேர்ந்திரா.